விடுபட்டோர் எழுத வேண்டிய வாக்கியம்

எனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதை எனக்குக் கற்றுக்கொடுக்க வீட்டு வாரியம் பதினெட்டு நாள் பாடுபட்டது. ஒரு வீடு கொடுப்பதற்குப் பட்டிருக்க வேண்டிய பாட்டையெல்லாம் ஒரு வாக்கியம் கொடுப்பதற்குப் பட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

நான் ரேடியேட்டர் வேலை பார்க்கிறவன். லாரியோ பஸ்ஸோ, ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடிப்பேன். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஈயம் வைத்து அடைப்பேன். அவ்வளவுதான் தொழில். குமிழி கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டிருக்கும்போது, "குமிழி வருகிறது என்று இங்கிலீஷில் எழுதிக் கொடு, அப்புறம் அடைக்கலாம்" என்று நான் எந்த டிரைவரிடமும் கேட்டதில்லை. படிக்காதவன், எனக்கு அந்த அளவு அறிவு கிடையாது.

நாங்கள் குடியிருந்தது வாரியத்தின் பழைய கட்டடத்தில். ஆறு தளம், தளத்துக்குப் பன்னிரண்டு வீடு, மொத்தம் எழுபத்திரண்டு. என் வீடு மூன்றாம் தளத்தில், முப்பத்தொன்றாம் எண். தூண்களில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டதால் இருபத்தெட்டாம் தேதி இடிக்கப்போவதாக அறிவித்தார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடம் தயாராக நின்றது. எழுபத்திரண்டு குடும்பத்துக்கும் அங்கே எழுபத்திரண்டு வீடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் சொல்லவில்லை. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டானது. குழந்தை புது வீட்டுக்கு வரப்போகிறது என்று அவள் பழைய திரைச்சீலைகளைக்கூடத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள்.

எட்டாம் தேதி காலையில் வாசல் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் தாளில் ஒன்றாம் எண்ணிலிருந்து இருபத்து நான்கு வரை. அடியில் 'பக்கம் 1' என்று இருந்தது. அடுத்த தாள் நாற்பத்தொன்பதில் ஆரம்பித்து எழுபத்திரண்டில் முடிந்தது. அதன் அடியில் 'பக்கம் 3'. தலை இருக்கிறது, கால் இருக்கிறது, வயிற்றைக் காணோம். பசை காயவில்லை, நான் தொட்டுப் பார்த்தேன்.

நேராக வாரியத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"மேடம், லிஸ்ட்டுல ரெண்டாம் பக்கத்தை ஒட்டாம விட்டுட்டாங்க."

"உங்க பேரு இல்லையா, பக்கம் இல்லையா?"

"பக்கம் இல்ல. அதனால என் பேரும் இல்ல."

"பக்கம் இல்லன்னு சொல்ல நீங்க யாரு? உங்க பேரு இல்லன்னா அதை மட்டும் சொல்லுங்க. மத்த இருபத்து மூணு பேருக்காகப் பேச உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"இருபத்து மூணு பேருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மா என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு ஜன்னல் சட்டத்தின் வழியாக ஒரு பச்சைத் தாளைத் தள்ளினார். 'விடுபட்டோர் மனு' என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் விதிகள். மனுவை அவரவர் கையெழுத்தில், இங்கிலீஷில், ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். விடுபட்டுப் போனதைச் சொல்வதற்கென்று இங்கிலீஷில் உள்ள 'லெஃப்ட் அவுட்' என்னும் சொற்றொடரை அந்த வாக்கியத்தில் முறையாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். முறை தவறினால் மனு தள்ளுபடி. முறை எது என்று கேட்பவர் மனுவும் தள்ளுபடி.

"தமிழ்ல எழுதினா ஆகாதா மேடம்?"

"தமிழ்ல எழுதினா அது சண்டை. இங்கிலீஷ்ல எழுதினாதான் அது கோரிக்கை. மேல இருக்கறவங்க சண்டையைப் படிக்க மாட்டாங்க."

பட்டறை முதலாளிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவர் சொல்லச் சொல்ல எழுதி மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் அம்மா படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐ லெஃப்ட் அவுட்னு எழுதியிருக்கீங்க. அதாவது நீங்களாவே விட்டுட்டுப் போயிட்டீங்க. வாரியத்துக்கு ஆட்சேபணை இல்ல. சீல் போட்டுடவா?"

பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் என் வீட்டை நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் ஆகியிருப்பேன். இரண்டாம் முறை எழுதியது வேண்டிய அளவு பணிவாக இல்லை என்று திரும்பி வந்தது. மூன்றாம் முறை பணிவு அதிகமாகி, வாக்கியம் கோட்டைத் தாண்டிவிட்டது என்று திரும்பி வந்தது.

எங்கள் கட்டடத்தில் நான்காம் தளத்தில் டீச்சரம்மா இருந்தார். வீட்டு எண் நாற்பத்து நான்கு. தனியாள். முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு என்ன கவலை, ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எழுதினார். மறுநாளே தலைமை அதிகாரி அவரை நேரில் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். முழங்கால் வலிக்காரர், படி ஏறும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நானும் கூடப் போனேன்.

தலைமை அதிகாரியின் அறையில் மேஜை பெரியது, மேஜைமேல் எதுவும் இல்லை. டீச்சரம்மாவின் மனு மட்டும் நடுவில் கிடந்தது.

"அம்மா, உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு. பிரச்சனையே அதுதான்," என்றார் அவர். "ரெண்டாம் பக்கத்தை ஒட்டாததால வாரியம் எங்களை விட்டுட்டதுன்னு எழுதியிருக்கீங்க. இதுல 'வாரியம்'னு ஒரு வார்த்தை வருது பாருங்க. இந்தச் சொற்றொடரோட அழகே அதுக்குள்ள ஆளே இருக்கக் கூடாதுங்கறதுதான். யாரு விட்டா, எப்ப விட்டா, ஏன் விட்டா, ஒண்ணும் தெரியக் கூடாது. மழை பெய்யுது, வெயில் அடிக்குது, நான் விடுபட்டுட்டேன். அவ்வளவுதான்."

"ஆனா விட்டது நீங்கதானே?" என்றார் டீச்சரம்மா.

"பாத்தீங்களா, கோபம் வருது. நான் முப்பத்து ரெண்டு வருஷமா கோப்பு எழுதறேன். என் கோப்புல இதுவரைக்கும் யாரும் எதையும் செஞ்சதில்ல. எல்லாம் அதுவா நடந்திருக்கும். அப்படி எழுதி எழுதித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். நீங்க முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தீங்களே, உங்ககிட்டப் படிச்சவங்க யாராவது இந்த வாரியத்துல இருக்காங்களா? இல்லல்ல? யோசிச்சுப் பாருங்க."

டீச்சரம்மா யோசிக்கவில்லை. மேஜையில் கையூன்றி எழுந்தார். முழங்கால் வலியில் எழுகிறார் என்று அதிகாரி நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றாமல் குடித்துவிட்டு வந்தாரே, அதற்கு டீச்சரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

"உங்க எல்லாருக்கும் சரியா எழுத வரலைங்கறது வாரியத்துக்குப் புரியுது," என்று வாசல்வரை வந்து சொன்னார் அதிகாரி. "அதனால விடுபட்டவங்களுக்காக இலவசமா ஒரு மொழிப் பயிற்சி வைக்கறோம். இருபத்தாறாம் தேதி பரீட்சை. பாஸ் பண்றவங்க மனுவைப் பரிசீலிக்கறதப் பத்திப் பரிசீலிப்போம்."

கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். இவர்கள் வடித்துக் காட்டியே விட்டார்கள்.

வாரிய அலுவலகத்தில் வகுப்பு நடத்த இடம் இல்லையாம். அதனால் புதுக் கட்டடத்திலேயே, மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டைத் திறந்து வகுப்பாக்கியிருந்தார்கள். சமையல் மேடைக்கு மேலே ஆணி அடித்துக் கரும்பலகை மாட்டியிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் சாக்பீஸ் பெட்டி. கூடத்தில் வரிசையாக பெஞ்சு. பாடம் எடுக்க வந்த மொழி அதிகாரி ஒல்லியானவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். முதல் நாளே அவருக்குக் கமா என்று பெயர் விழுந்துவிட்டது.

"இந்தக் கட்டடத்துல, இருபத்து நாலு வீடு, காலியா இருக்கறதால, நமக்கு இடவசதிக்குப் பஞ்சமில்ல," என்று ஆரம்பித்தார் கமா.

இருபத்து நாலு. எனக்கு இங்கிலீஷ் வராதே தவிர எண்ண வரும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன். வீட்டுக்கு ஒருவர் என்று இருபத்து நாலு பேர்.

"சார், அந்த இருபத்து நாலு வீடும் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. உரியவங்க, வரல."

"நாங்க வந்திருக்கோமே சார்."

"நீங்க, பயிற்சிக்கு வந்திருக்கீங்க," என்றார் கமா, பொறுமையாக.

தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை வகுப்பு. மூன்று நாள் வராவிட்டால் விடுபட்டவர் என்ற தகுதியே போய்விடும். பட்டறையில் பாதி ஈயம் வைத்த ரேடியேட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன். "நீ வீடு கேக்கறியா, வக்கீலுக்குப் படிக்கறியா?" என்று முதலாளி கத்துவார்.

முதல் மூன்று நாள் முகப் பயிற்சி. அந்தச் சொற்றொடரை எழுதும்போது புருவம் நெரிந்தால் எழுத்து கோணிவிடுமாம். ஆளுக்கொரு கண்ணாடி கொண்டுவரச் சொன்னார்கள். இருபத்து நாலு பேர் கண்ணாடியில் தங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு, கோபப்படாமல், "விடுபட்டுட்டேன், விடுபட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தெருவில் போனவர்கள் கேட்டிருந்தால் ஏதோ பேயோட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் 'ஃபீல்' பாடம். கமா அந்த வார்த்தையைப் பலகையில் பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"நான் விடுபட்டேன்னு எழுதறத விட, விடுபட்ட மாதிரி, ஃபீல் பண்றேன்னு எழுதறதுதான் நாகரிகம். வாரியம் இதைத்தான் விரும்புது. ஏன்னு யாராவது சொல்ல முடியுமா?"

அவரே சொன்னார், அதுவும் பெருமையாக.

"விடுபட்டேன்னு எழுதினா, அது நடந்த விஷயம். வாரியம் வீடு கொடுக்கணும். ஃபீல் பண்றேன்னு எழுதினா, அது உங்க மனசு. வாரியம் ஆறுதல் சொன்னா போதும். செலவில்ல பாருங்க!"

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த வீடு எப்படிங்க இருக்கு? நீங்க போய் உக்கார்றீங்களே, அது?"

"நல்லா இருக்கு. கூடத்துல பெரிய ஜன்னல். நாலு மணி வெயில் உள்ள வருது. துணி ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்."

"அப்ப புது வீட்டுக்குள்ளயே உக்காந்துகிட்டு, எனக்கு வீடு இல்ல, எனக்கு வீடு இல்லன்னு எழுதிப் பழகறீங்க. சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?"

"இருக்குடி. அது இருக்கக் கூடாதுன்னுதான் கண்ணாடியை வச்சுப் பழக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இதற்குள் முதல் பக்கத்துக்காரர்களும் மூன்றாம் பக்கத்துக்காரர்களும் சாமான்களோடு எதிர்க்கட்டடத்துக்குக் குடிபோய்விட்டார்கள். பழைய கட்டடத்தில் கீழ் இரண்டு தளம் காலி, மேல் இரண்டு தளம் காலி. நடுவில் நாங்கள் மட்டும். பழைய சாமான் எடுக்கும் ஆட்கள் கீழேயிருந்து வேலையை ஆரம்பித்தார்கள். முதலில் ஜன்னல் கம்பி போனது. அப்புறம் கதவுகள். இருபத்து மூன்றாம் தேதி மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியை கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "இன்னும் ஆளுங்க இருக்கோம்ப்பா" என்று கத்தினேன். கட்டடத்தில் யாரும் இல்லை என்று வாரியம் எழுதிக் கொடுத்த தாளை அந்த ஆட்கள் காட்டினார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தத் தாளிலும் எழுபத்திரண்டு பெயருக்கு நாற்பத்தெட்டுதான் இருந்தது, நாற்பத்தெட்டும் காலியாகிவிட்டது.

மறுநாள் காலை தண்ணீர் எடுக்க இறங்கியபோது என் மனைவி கைப்பிடி இல்லாத படியில் சறுக்கிவிட்டாள். இரண்டு படி. சுவரோடு சாய்ந்ததால் தப்பித்தாள். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், உள்ளே அசைவு இருக்கிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம், "உதைக்குது," என்றாள். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தலைமை அதிகாரி என் கையில் கிடைத்திருந்தால் ரேடியேட்டர் தொட்டியில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்திருப்பேன்.

அன்று வகுப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இவள் நிலைமையைக் கண்ணால் பார்க்கட்டும், கல்லும் கரையும் என்று ஒரு நப்பாசை. கமா வாசலிலேயே நிறுத்தினார்.

"இவங்க, உள்ள வர முடியாது. விடுபட்டது, உங்க பேரு. இவங்க பேரு பட்டியல்ல எப்பவுமே இருந்ததில்ல. இல்லாத பேரு, விடுபட முடியாது."

"வயித்துல இருக்கற பிள்ளை சார்?"

"பிறக்கட்டும். பிறந்தப்பறம், அதுவே வந்து, அது கையெழுத்துல எழுதட்டும். வயசு வரம்பு எதுவும் கிடையாது," என்றார். கிண்டல் இல்லை. விதியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவளைப் புதுக் கட்டடத்தின் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போய் இரண்டு மணி நேரம் எழுதினேன். நூற்றைம்பது முறை எழுதினேன். ஒரு பிழை இல்லை. கமா என் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "பாருங்க, முழுமையா விடுபட்டவர்னா, இவர்தான்" என்றார். கைதட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

இருபத்தாறாம் தேதி பரீட்சை. தலைமை அதிகாரியே வந்திருந்தார். கரும்பலகைக்கு முன்னால் அவருக்குக் கைவைத்த நாற்காலி போட்டிருந்தது. போட்டோ எடுக்க ஓர் ஆள். முதலில் அதிகாரி பேசினார்.

"இந்தப் பயிற்சி வாரியத்தோட வரலாத்துலயே ஒரு சாதனை. பதினெட்டு நாளைக்கு முன்னாடி இவங்க எப்படி வந்தாங்க? பக்கம் எங்க, பக்கம் எங்கன்னு சத்தம் போட்டுக்கிட்டு வந்தாங்க. இன்னிக்கு எவ்வளவு அமைதியா உக்காந்திருக்காங்க பாருங்க! வீட்டை யாரு வேணும்னாலும் கொடுத்துடலாம். செங்கல் இருந்தா போதும். ஆனா வீடு இல்லங்கறத இவ்வளவு அழகா எழுதற குடிமக்களை உருவாக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. இவங்க எல்லாரும் எப்பவும் இப்படியே இருக்கணும்னு வாழ்த்தறேன்."

போட்டோக்காரர் எங்களைச் சிரிக்கச் சொன்னார். அப்புறம் கமா விடைத்தாள் கொடுத்தார்.

"ஒரு பக்கம் மட்டும்தான் எழுதணும். தாளை, யாரும் திருப்பக் கூடாது. திருப்பினவங்க, ஃபெயில்."

எழுதினேன். கை தன்னால் ஓடியது. கடைசிப் புள்ளி வைக்கிற நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு மூட்டை, கையில் குடம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏங்க, மூணாம் தளத்துக் கதவையும் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம கதவு போயிடுச்சு. ராத்திரிக்கு எங்க படுக்கறது?"

நான் பதறி எழுந்ததில் முழங்கை பட்டுத் தாள் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். பின்பக்கம் மேலே இருந்தது. அச்சடித்த தாள். கட்டம் கட்டமாகப் பெயர்கள். மேலே வாரியத்தின் முத்திரை. கீழே 'பக்கம் 2'.

விரலை வைத்துத் தேடினேன். பழைய வீட்டு எண் முப்பத்தொன்று, என் அப்பா பெயர், என் பெயர். அதற்கு நேராகப் புது வீட்டு எண்: மூன்றாம் தளம், ஏழு. அதற்கும் கீழே தலைமை அதிகாரியின் கையெழுத்து.

"தாளைத் திருப்பாதீங்க!" என்று கத்தினார் கமா.

டீச்சரம்மா முதலில் திருப்பினார். அப்புறம் எல்லோரும் திருப்பினார்கள். இருபத்து நாலு தாளிலும் அதே இரண்டாம் பக்கம். அப்புறம் யாரோ ஒருவர் தன் பெயரை வாய்விட்டுப் படித்தார். அடுத்தவர் படித்தார். ஆளாளுக்குப் படித்தார்கள்.

"சார், இது என்ன சார்?" என்று கமாவிடம் கேட்டேன்.

கமாவுக்கு முதல்முறையாக நிறுத்தாமல் பேச வந்தது. "ஒட்டறதுக்காக நூறு காப்பி வந்துச்சுங்க பரீட்சைக்கு வெள்ளைத்தாள் கேட்டிருந்தேன் ஸ்டோர்ல இல்லன்னுட்டாங்க இது ஒரு பக்கம் காலியா இருந்துச்சு வேஸ்ட்டா போகக் கூடாதேன்னு எடுத்து வச்சேன். நாங்கதான் இன்னும் பட்டியலே ஒட்டலியே, யாருக்கு என்ன பரீட்சைன்னு அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்."

அதாவது, பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே விடுபட்டவர்களுக்கான பரீட்சைக்குத் தாள் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாளுக்காக எங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டதால்தான் நாங்கள் விடுபட்டிருக்கிறோம். நாங்கள் விடுபட்டதால் பரீட்சை நடந்திருக்கிறது. படுபாவிகளா!

தலைமை அதிகாரி அசரவில்லை. என் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"பின்பக்கம் உங்க பேரு இருக்கு. அப்படின்னா நீங்க விடுபடவே இல்ல. விடுபடாத நீங்க முன்பக்கம் விடுபட்டேன்னு எழுதியிருக்கீங்க. எழுத்து அழகா இருக்கு, ஆனா பொய். முறையான பயன்பாடு இல்ல. ஃபெயில்," என்றார். "மத்தவங்களும் அதேதான். அடுத்த பயிற்சி வைக்கறப்ப சொல்லி அனுப்பறோம். தாளையெல்லாம் குடுத்துட்டுப் போங்க. விடைத்தாள் வாரியத்தோட சொத்து."

யாரும் தாளைக் கொடுக்கவில்லை. நான் திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தேன். பித்தளைத் தகட்டில் எண் இருந்தது. பதினைந்து நாளாக நான் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறேன்; எனக்கென்ன என்று பார்த்ததில்லை. ஏழு.

என் மனைவி மூட்டையோடு உள்ளே கால் வைத்தாள்.

"அம்மா, வெளியாளுங்க, உள்ள வரக் கூடாது," என்றார் கமா.

"அவ வெளியாள் இல்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. புருவம் நெரிந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. "மூணாம் தளம், ஏழாம் நம்பர். இந்தா, உங்க முத்திரை. இந்தா, உங்க பெரியவரு கையெழுத்து. இது என் வீடு. பதினைஞ்சு நாளா என் வீட்டுக் கூடத்துல என்னையே பெஞ்சுல உக்கார வச்சு, எனக்கு வீடு இல்லன்னு என் கையாலயே எழுத வச்சிருக்கீங்க. எந்திரிங்க சார்."

"யார்கிட்டப் பேசறீங்கன்னு தெரியுதா?" என்றார் தலைமை அதிகாரி, நாற்காலியிலிருந்து எழாமல்.

"தெரியுது. என் சமையக்கட்டு வாசல்ல உக்காந்திருக்கறவர்கிட்ட."

டீச்சரம்மா தன் தாளை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "எனக்கு நாலாம் தளம், பதினொண்ணு. அங்க என்ன நடக்குது?"

"அது, ஸ்டோர் ரூம் மேடம். சாக்பீஸு, பெஞ்சு..." என்று இழுத்தார் கமா.

"எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க. சாவி?"

கமா தலைமை அதிகாரியைப் பார்த்தார். தலைமை அதிகாரி போட்டோக்காரரைப் பார்த்தார். போட்டோக்காரர் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். சாவிக்கொத்து சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பாத்திரத் தொட்டியில் கிடந்தது. டீச்சரம்மா போய் எடுத்துக்கொண்டார். அவர் பின்னாலேயே தாளும் கையுமாக எல்லோரும் அவரவர் எண்ணைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். வராந்தா முழுக்கப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

தலைமை அதிகாரி எழுந்தார். நாற்காலியையும் எடுத்துப் போகச் சொன்னேன். வாசலுக்கு வெளியே நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, "இது அத்துமீறல். எழுத்து மூலமா நடவடிக்கை வரும். நாளைக்குக் காலையில போலீஸோட ஆளுங்க வந்து எல்லாரையும் வெளியேத்துவாங்க," என்றார்.

எனக்கு ஒரு நொடி பயமாகத்தான் இருந்தது. திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னல் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து, மூட்டைமேல் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிராய்த்த முழங்கையை மடியில் வைத்திருந்தாள்.

"வரட்டும்," என்றாள் அவரைப் பார்த்து. "வர்றவங்க கைல உங்க பேரை எழுதிக் குடுத்தனுப்புங்க. எட்டு மாசக்காரியைத் தூக்கி வெளிய போடச் சொன்னது இன்னாருன்னு. வெறுமனே வெளியேத்தப்பட்டாங்கன்னு எழுதினா நான் எந்திரிக்க மாட்டேன்."